‘யூடோகா’ என்ற சொல் எந்தப் பால்?

என் மகள் பயிலும் ஜூடோ சங்கத்துக்கு ஜெர்மன் மொழியில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தபோது, அவளை ‘ஐனே யுங்கே யூடோகாயின்’, அதாவது ஓர் இளம் ஜூடோ வீராங்கனை, என்று குறிப்பிட்டிருந்தேன். கடிதத்தைப் படித்த பயிற்சியாளர் அம்மையார் பென்சிலை எடுத்து, ‘யின்’ என்ற கடைசி அசையை மட்டும் அடித்துவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே விட்டுவிட்டார். ஜெர்மன் கற்கத் தொடங்கி நான்கு ஆண்டுகள் ஆகியும் அந்த ஒரு கோடு எனக்கு உடனே விளங்கவில்லை.

நான் பின்பற்றியது வகுப்பில் முதல் மாதத்திலேயே கற்றுத்தந்த விதிதான். ஆசிரியர் ‘லேரர்’ என்றால் ஆசிரியை ‘லேரரின்’. குத்துச்சண்டை வீரர் ‘போக்ஸர்’, வீராங்கனை ‘போக்ஸரின்’. மல்யுத்தத்தில் ‘ரிங்கர்’, ‘ரிங்கரின்’. வாள்வீச்சில் ‘ஃபெக்டர்’, ‘ஃபெக்டரின்’. இப்படிச் சண்டை விளையாட்டுகள் ஒவ்வொன்றிலும் பெண்பாலுக்கு ‘இன்’ விகுதி வரும்போது ஜூடோவில் மட்டும் ஏன் வராது என்று எண்ணித்தான் அதையும் ஒட்டவைத்தேன். ஆனால் ஜூடோ பயில்பவரைக் குறிக்கும் ‘யூடோகா’வும், கராத்தே பயில்பவரைக் குறிக்கும் ‘கராத்தேகா’வும் அந்த விகுதியை ஏற்பதில்லை. ஆண் என்றால் ‘டெர் யூடோகா’. பெண் என்றால் ‘டீ யூடோகா’. பால் மாறும்போது முன்னால் நிற்கும் ஆர்ட்டிக்கிளும் இடையில் வரும் பெயரடையும் மாறுகின்றனவே தவிர, பெயர்ச்சொல் எழுத்து மாறாமல் அப்படியே நிற்கிறது.

இதற்கான காரணம் அந்தச் சொல்லின் பிறப்பில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் ‘கா’ என்ற விகுதி வீட்டையும் குடும்பத்தையும் குறிக்கும் எழுத்தால் எழுதப்படுவது. ஒரு கலையையோ துறையையோ தமதாக்கிக்கொண்டவரை அது சுட்டும். இசைக் கலைஞர் ‘ஓங்ககுகா’, அரசியல்வாதி ‘சேஜிகா’, ஓவியர் ‘ககா’. ஜப்பானியப் பெயர்ச்சொற்களுக்கு இலக்கணப் பால் கிடையாது. பன்மை விகுதியும் கட்டாயமில்லை. நம்முடைய ‘காரர்’ விகுதியும் ஏறக்குறைய இதே வேலையைச் செய்வதுதான் என்றாலும், அது காரன், காரி என்று உடனே பிரிந்துவிடுகிறது. பாலே அறியாத மொழியிலிருந்து வந்த சொல்லை, எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் கேட்கும் ஜெர்மன் மொழி ஏற்றபோது, சொல்லை வெட்டாமல் ஒட்டாமல் வைத்துக்கொண்டு, பாலை அந்த மனிதரிடமிருந்தே எடுத்துக்கொண்டது. இதை நான் ஒரு நல்ல முடிவாகவே கருதுகிறேன்.

‘ஆ’ ஒலியில் முடிவதால் இது பெண்பாலாகத்தான் இருக்க வேண்டும் என்று என் வகுப்பில் சிலர் வாதிட்டதுண்டு. ‘டீ காமெரா’, ‘டீ ஃபிர்மா’, ‘டீ பிட்ஸா’ ஆகியவற்றைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கிரேக்கத்திலிருந்து வந்த ‘டஸ் டேமா’, ‘டஸ் கிளீமா’, ‘டஸ் டிராமா’ ஆகியவை ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத அலிப்பால். ‘டெர் கோரிலா’, ‘டெர் பாண்டா’ ஆகியவை ஆண்பால். ஆகவே ஈற்றொலி ஓரளவுக்கு மேல் வழிகாட்டாது. விளையாட்டின் பெயரும் உதவாது. ‘டஸ் யூடோ’, ‘டஸ் கராத்தே’ இரண்டும் அலிப்பாலில் நிற்க, அவற்றைப் பயில்பவரின் பெயர் ஆளுக்கு ஏற்பப் பால் கொள்கிறது.

செய்தித்தாள்களைப் படித்தால் இது நன்றாக விளங்கும். 2004ஆம் ஆண்டு ஏதென்ஸில் 57 கிலோ பிரிவில் தங்கம் வென்ற இவோன் போனிஷ் ‘டீ யூடோகா’. 2008ஆம் ஆண்டு பெய்ஜிங்கில் 81 கிலோ பிரிவில் தங்கம் வென்ற ஓலே பிஷோஃப் ‘டெர் யூடோகா’. பாரிஸில் 2024ஆம் ஆண்டு நடந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஜெர்மனியின் கொடியை ஏந்திய இருவரில் ஒருவர் ஜூடோ வீராங்கனை அன்னா-மரியா வாக்னர். கொடி ஏந்தியவர் என்ற வகையில் அவர் ‘ஃபானென்ட்ரேகரின்’. அங்கே ‘இன்’ விகுதி தவறாமல் வந்துவிடும். ஜூடோ வீராங்கனை என்ற வகையில் அவர் வெறும் ‘யூடோகா’. ஒரே பெண்மணியைப் பற்றிய ஒரே வாக்கியத்தில் ஒரு சொல் விகுதி ஏற்க, மற்றொன்று ஏற்காமல் நிற்பதைக் காணலாம். ஜூடோ 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக்கில் நுழைந்தபோது ஆண்கள் மட்டுமே போட்டியிட்டார்கள். பெண்களுக்கு அதிகாரபூர்வப் பதக்கப் போட்டி 1992இல் பார்சிலோனாவில்தான் வந்தது. அவர்கள் வந்தபோது அவர்களுக்கென்று ஒரு புதுச் சொல்லை ஆக்க வேண்டிய தேவை இருக்கவில்லை என்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது.

விகுதி வேண்டும் என்று விரும்புபவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘யூடோகெம்ப்ஃபர்’, ‘யூடோகெம்ப்ஃபரின்’ என்ற இணை வழக்கில் உள்ளது. எல்லாச் சண்டை விளையாட்டுகளுக்கும் பொதுவாக ‘கம்ப்ஃப்ஷ்போர்ட்லர்’, ‘கம்ப்ஃப்ஷ்போர்ட்லரின்’ என்றும் சொல்லலாம். ஆனால் பயிற்சிக்கூடத்தில் என் காதில் விழுவது பெரும்பாலும் ‘யூடோகா’தான்.

உண்மையான சிக்கல் வேற்றுமையிலும் பன்மையிலும்தான் தொடங்குகிறது. இந்தச் சொல்லின் பன்மையை ‘யூடோகாஸ்’ என்றும் எழுதலாம், மாற்றமின்றி ‘யூடோகா’ என்றும் எழுதலாம், இரண்டும் சரி. மாற்றமில்லாத பன்மையைத் தேர்ந்தால், ‘டீ யூடோகா’ என்பது ஒரு வீராங்கனையா, பல வீரர்களா என்பது அந்த இரண்டு சொற்களிலிருந்து தெரியாது. ‘டெர் யூடோகா’ இன்னும் கடினம். அது எழுவாயாக நிற்கும் ஓர் ஆணாக இருக்கலாம். ‘வீராங்கனைக்கு’ என்ற நான்காம் வேற்றுமைப் பொருளிலோ, ‘வீராங்கனையின்’ என்ற ஆறாம் வேற்றுமைப் பொருளிலோ வரலாம். பன்மையில் ‘வீரர்களின்’ என்றும் பொருள்படலாம். நான்கு பொருளுக்கும் ஒரே தோற்றம். வினைச்சொல்லுக்குக் காத்திருந்தால் ஓரளவு தெளிவு கிடைக்கும்: ‘டீ யூடோகா கெம்ப்ஃப்ட்’ என்றால் ஒருத்தி போராடுகிறாள், ‘டீ யூடோகா கெம்ப்ஃபன்’ என்றால் பலர் போராடுகிறார்கள்.

தமிழிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் காத்திருப்பு பழக்கமானதுதான். ‘மாணவர் ஒருவர் வந்தார்’ என்பதில் ஆணா பெண்ணா என்பது தெரியாது. ‘குழந்தை வந்தான்’, ‘குழந்தை வந்தாள்’ என்று பேசும்போதோ பாலைச் சொல்வது வினைமுற்றுத்தான். தமிழ் வினை பாலையும் எண்ணையும் சேர்த்தே சொல்லிவிடும். ஜெர்மன் வினை எண்ணை மட்டும் சொல்லும். பாலை முன்னால் வரும் ஆர்ட்டிக்கிளிடம் ஒப்படைத்துவிடும். ‘ஸீ இஸ்ட் யூடோகா’, அதாவது ‘அவள் ஒரு யூடோகா’, என்ற வாக்கியத்தில் அந்த ஆர்ட்டிக்கிளும் இல்லை. அங்கே பாலைச் சொல்வது ‘அவள்’ மட்டுமே.

என் தனிப்பட்ட வழக்கம் பன்மைக்கு எப்போதும் ‘யூடோகாஸ்’ என்றே எழுதுவது. ஜப்பானிய மூலத்துக்கு நெருக்கமாக இருப்பதால் விகுதியில்லாத பன்மையே சிறந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அந்த மதிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் போட்டி அறிவிப்பில் ‘டீ யூடோகா எட்டு மணிக்குள்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால், அது ஒருவருக்கா அனைவருக்குமா என்று புதிதாகப் படிக்கும் பெற்றோர் திகைக்கக்கூடும். ஒரு ‘ஸ்’ அந்தத் திகைப்பைத் தீர்த்துவிடும்.

பயிற்சியாளர் திருத்திய அந்தக் கடிதத்தை மகள் தன் கோப்பில் வைத்திருக்கிறாள். இங்கேயே மொழி பயின்ற அவளுக்கு நான் செய்த பிழை ஏன் பிழை என்று விளக்கிச் சொல்லத் தெரியவில்லை. அப்படி யாரும் சொல்வதில்லை, அப்பா, என்று மட்டும் சொன்னாள்.