பெனுலிசான் குன்று: மன்னர்கள் தெய்வமாகிவிட்ட மலைக்கோயில்

பாலித் தீவில் கிந்தாமணிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பாத்தூர் எரிமலையைப் பார்த்தபடி காபி குடித்து, நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் பெனுலிசான் குன்று. அதன் உச்சியில், சுமார் 1745 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பூரா தெகே கோரிப்பான் என்ற கோயில். பாலியில் ஒரே ஒரு கோயிலுக்குத்தான் நேரம் என்றால், நான் இங்கேதான் போகச் சொல்வேன்.

கைலி போன்ற சாரோங் துணியைக் கட்டிக்கொண்டு ஏறினோம். முந்நூறுக்கும் மேற்பட்ட படிகள், நல்ல செங்குத்து. கீழே வியர்த்து வழிந்த உடம்பு இங்கே மூடுபனியில் நடுங்கியது. குன்றையே அடுக்கடுக்காகத் தளமாக்கிக் கட்டியிருக்கிறார்கள். இந்து சமயம் வருவதற்கு முன்பே மலையையும் முன்னோரையும் கும்பிட்டவர்களின் வழக்கம் இது என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

உச்சியில் பிரமாண்டமாக எதுவும் இல்லை. கறுப்பு நார்க்கூரை வேய்ந்த திறந்த மண்டபங்கள்தான். உள்ளே லிங்கங்களும் பழைய மன்னர்களின் சிலைகளும் வரிசையாக நிற்கின்றன. ஓர் அரச தம்பதி சிலையில் சக ஆண்டு 933, அதாவது கி.பி. 1011 என்று பொறித்திருக்கிறது. உதயனா மன்னரும் ராணி மகேந்திரதத்தாவும் என்று கருதுகிறார்கள். ராணி கிழக்கு ஜாவா இளவரசி. இவர்கள் மகன் ஐர்லங்காதான் பின்னாளில் ஜாவாவை ஆண்டவர். அந்தக் காலத்தில் ஜாவாவிலும் பாலியிலும் வழங்கிய ‘காவி’ என்ற எழுத்துமுறை நம் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. அதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்துவிட்டது.

நான் அதிக நேரம் நின்றது பட்டாரி மண்டுல் சிலைக்கு முன்னால். 1077-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அனாக் வுங்சு மன்னரின் ராணி, குழந்தை இல்லாதவர் என்று சொல்கிறார்கள். மழையும் காற்றும் முகத்தைத் தேய்த்துவிட்டன. காலடியில் ஓலையில் முடைந்த சின்னத் தட்டு, அதில் சாமந்தி, கொஞ்சம் சோறு, புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தி. வாரிசில்லாத ராணிக்கு இன்றைக்கும் யாரோ பூ வைக்கிறார்கள். இந்தச் சிலைகளை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகாமல் இங்கேயே விட்டதுதான் சரி. கண்ணாடிக்குப் பின்னால் இவை வெறும் கல்லாகியிருக்கும்.

வெள்ளை உடுத்திய பூசாரி எங்கள் மேல் தீர்த்தம் தெளித்து, நெற்றியில் ஒட்ட ஈர அரிசி கொடுத்தார்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் பனி மூடிக்கொள்ளும். ஸ்வெட்டர் அவசியம். படிகள் வழுக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சிலைகள் இருக்கும் மேடைமேல் ஏறாதீர்கள். கீழே நின்றாலே எல்லாம் நன்றாகத் தெரியும்.