சொத்தையே இல்லாத பல்

இரண்டு வருடத்துக்கு முன்னால் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்தது. தெருமுனை கிளினிக்கில் காட்டினேன். "ஆடுது, எடுத்துடலாம்" என்றார்கள். எடுத்தார்கள், 500 ரூபாய் வாங்கினார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கடைக்குத் திரும்பிவிட்டேன். வருவதற்கு முன்னால் தட்டில் கிடந்த பல்லைப் பார்த்தேன். ஒரு சொத்தை இல்லை. வேரைச் சுற்றி மட்டும் கருப்பாக ஏதோ அப்பியிருந்தது. நல்ல பல் எதற்கு ஆடியது என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு 60 வயதுக்குள் எல்லாப் பல்லும் போய்விட்டது. "நம்ம வம்சத்துக்கே பல்லு நிக்காதுடி" என்பார். அதனால் 45 வயதில் எனக்கு ஒன்று போனது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. அப்புறம் கீழ் முன்பற்கள் இரண்டு ஆடின. அப்போதுதான் பயம் வந்தது. திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுகிற பிழைப்பு. முன்பல் இல்லாமல் எப்படி?

பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவது ஆறேழு வருடமாகவே இருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பிரஷ்தான் குத்துகிறது என்று நினைத்து, ரத்தம் வருகிற பக்கத்தைத் தேய்ப்பதையே குறைத்துக்கொண்டேன். இடையிடையே உமிக்கரியும் உப்பும் போட்டு விரலால் அழுத்தித் தேய்ப்பேன். அன்றைக்கு மட்டும் வாய் சுத்தமானது போல இருக்கும்.

துணி தைக்க வரும் ஒருவர், மதுரையில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் குறைந்த செலவில் பார்ப்பதாகச் சொன்னார். ஒரு திங்கட்கிழமை கடையைப் பூட்டிவிட்டு ஆரப்பாளையம் பஸ் ஏறினேன். சீட்டு, மொத்தத் தாடைக்கும் ஒரு எக்ஸ்ரே, பிறகு ஈறு நோய்க்கான பிரிவு. 'பெரியோ' என்கிறார்கள். மேற்படிப்பு படிக்கிற சின்னப் பெண்தான் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்ததும் முதல் கேள்வி: "அக்கா, தையல் வேலையா?" எப்படித் தெரியும் என்றேன். மேல் முன்பல்லின் நுனியில் நூல் கடித்துக் கடித்து ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. 25 வருட நூல். நானே அதைப் பார்த்ததில்லை.

அடுத்து நடந்தது என் கடையில் தினமும் நடப்பதுதான். மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் இறக்கி, "மூணு, ரெண்டு, நாலு... ஆறு, அஞ்சு, ஆறு" என்று அவர் சொல்லச் சொல்லப் பக்கத்தில் இருந்த பெண் எழுதிக்கொண்டார். நான் அளவு சொல்ல, என் உதவிக்கு இருக்கும் பெண் நோட்டில் எழுதுவாளே, அதே மாதிரி. ஒரு பல்லுக்கு ஆறு இடம். என்னிடம் மிச்சம் 27 பல். ஆக 162 அளவு. ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் ஆழம் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் ஆரோக்கியம். எனக்கு 6 நிறைய இடத்தில், முன்பல்லில் ஒரு 7. ஆறு மில்லிமீட்டர் என்றால் கிட்டத்தட்ட கால் இன்ச். ரவிக்கையில் கால் இன்ச் தப்பினால் ஊக்கு மாட்ட முடியாது. அந்தக் கணக்கில் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

ரத்தத்துக்கும் ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை அன்றைக்குத்தான் ஒருவர் எனக்குச் சொன்னார். பல்லில் படியும் வெள்ளைப் படிவத்தை ஓரிரு நாள் அப்படியே விட்டால் இறுகிக் காரையாகிவிடும். அப்புறம் எந்த பிரஷ்ஷாலும் அதை அகற்ற முடியாது. கீழ் முன்பல்லுக்குப் பின்னால்தான் உமிழ்நீர் வந்து விழும் துளை இருக்கிறது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து படிந்து அந்த இடத்தில் காரை சீக்கிரம் கட்டும். காரைமேல் கிருமி தங்க, ஈறு வீங்கி ரத்தம் வரும். கவனிக்காமல் விட்டால் வீக்கம் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையும். வலி பெரும்பாலும் இருக்காது. எக்ஸ்ரேயில் என் முன்பல் வேர்களைச் சுற்றி எலும்பு பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. போன எலும்பு தானாகத் திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார்.

"சர்க்கரை இருக்கா?" நாலு வருடமாக இருக்கிறது. மூன்று மாதச் சராசரி எடுக்கச் சொன்னார்கள், 9.2 வந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு மோசமாகும், ஈறு புண்ணாகவே இருந்தால் சர்க்கரையும் இறங்க மறுக்கும். சர்க்கரை டாக்டரிடம் போய் மாத்திரையை மாற்றிக்கொண்டு வந்த பிறகுதான் இங்கே வேலையைத் தொடங்கினார்கள்.

க்ளீனிங் செய்தால் பல் ஆட்டம் கண்டுவிடும், சந்து விழும் என்று எல்லோரையும் போல நானும் நம்பியிருந்தேன். அது பாதி உண்மை. அத்தனை நாள் சந்தை அடைத்து, ஆடும் பல்லுக்கு முட்டுக் கொடுத்திருந்ததே காரைதான். அதை எடுத்ததும் உள்ளே இருந்த நிஜ நிலைமை தெரிகிறது, அவ்வளவுதான். வாயை நான்காகப் பிரித்து, வாரம் ஒரு பகுதியாக, மரத்துப் போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுரண்டினார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். மாணவர்கள் செய்வதால் மெதுவாகத்தான் நடக்கும், நடுவில் ஆசிரியர் வந்து பார்ப்பார். நான்கு முறைக்கும் சேர்த்து 1,600 ரூபாய். ஆடிய முன்பற்களைப் பக்கத்துப் பற்களோடு உட்பக்கமாக மெல்லிய கம்பி வைத்து ஒட்டினார்கள். வெளியே தெரியாது. இரண்டு வாரத்துக்கு வாய் கொப்பளிக்கும் மருந்து கொடுத்தார்கள். அது தீரும் வரை சாம்பாரும் ரசமும் ஒரே ருசியாக இருந்தன, பல்லில் காபிக் கறை மாதிரியும் ஏறியது. அந்தக் கறையைப் பிறகு எடுத்துவிட்டார்கள்.

வீக்கம் வற்றியதும் ஈறு மேலும் கீழும் சுருங்கிவிட்டது. பற்களுக்கு நடுவில் கருப்பாக முக்கோணச் சந்துகள். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். முதல் ஒரு மாதம், இதற்குப் போகாமலே இருந்திருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

அந்தச் சந்துக்குத்தான் குட்டி பிரஷ் ஒன்று கொடுத்தார்கள். பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விரல் நகத்தளவுக்குச் சுருக்கினால் எப்படி இருக்கும், அப்படி. பற்களுக்கு நடுவில் விட்டு எடுக்க வேண்டும். சந்தின் அளவுக்கு ஏற்பப் பல நிறங்களில் வருகிறது, எனக்கு இரண்டு நிறம். வாரா வாரம் தையல் மெஷினின் ஊசித் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லில் அடைந்த பஞ்சைத் தூரிகையால் எடுப்பேன். மெஷினுக்குத் தெரிந்து செய்ததை என் வாய்க்குச் செய்யாமல் இருந்திருக்கிறேன். முதல் வாரம் ரத்தம் கொட்டியது. நிறுத்தாதீர்கள் என்றார்கள். மூன்றாவது வாரம் நின்றுவிட்டது.

தேய்ப்பதும் மாறியது. மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், இரண்டு நிமிடம். இரவில் கட்டாயம். ஃப்ளோரைடு பேஸ்ட், தேய்த்த பிறகு துப்பினால் போதும், குடம் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்க வேண்டாம். உமிக்கரிக்கு முழுக்கு. 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார், ஆனால் அவரும் தேய்த்தது கரியால்தான். (பழமொழியில் உள்ள வேல் வேப்பமரம் இல்லை, வேலமரம்.) நூல் கடிப்பதைத்தான் விட முடியவில்லை. கை தானாக வாய்க்குப் போகும். கடைசியில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

எல்லாம் காப்பாற்றப்படவில்லை. ஏற்கெனவே எடுத்த பல்லுக்குப் பக்கத்துப் பல், அந்தப் பள்ளத்துப் பக்கம் சாய்ந்து, அடியில் சீழ் வைத்திருந்தது. அதையும் எடுத்தார்கள். அந்த இடத்தில் பல் வைக்க ஒன்றுக்கு 30,000 ரூபாய் ஆகும் என்று வெளியே ஒரு இடத்தில் சொன்னார்கள். இப்போதைக்கு அப்படியே விட்டிருக்கிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மதுரை போகிறேன். போன தடவை சர்க்கரைச் சராசரி 7.4. மாத்திரை மாற்றியதாலா, ஈறு ஆறியதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மறுபடி கம்பியை விட்டு அளவெடுத்தார்கள். பெரும்பாலும் "ரெண்டு, மூணு, ரெண்டு". முன்பல்லில் 7 இருந்த இடம் 4. வலது பக்கக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் மட்டும் இன்னும் 5, தொட்டதும் ரத்தம் வந்தது. அங்கே என் பிரஷ் எட்டவே இல்லையாம். தலை சின்னதாக ஒற்றைக் கொத்து உள்ள பிரஷ் ஒன்றை வாங்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்து, வாயைப் பாதி மூடிக்கொண்டு அதை உள்ளே விட எனக்குப் பழக்கினார்கள். பாதி திறந்தால்தான் கன்னம் வழி விடுமாம். தினமும் இரவு முயற்சி செய்கிறேன், இன்னும் சரியாகப் பிடிபடவில்லை.