பேப்ரா: எல்லாரும் ரயில் மாறிட்டுப் போற ஊர்ல இறங்கி ஊர் சுத்தினேன்

மொதல்ல அந்த பஸ் கதைய கொட்டிடறேன், இல்லன்னா எனக்கு ஆறாது. ஜெர்மனில ஃபுல்டாங்கிற ஊர்ல இருந்து பேப்ராவுக்கு ரீஜனல் ரயில்ல முக்கால் மணி நேரம்கூட ஆகாது. நான் போன அன்னைக்குன்னு பார்த்து வழியில டிராக் வேலை, பாட் ஹெர்ஸ்ஃபெல்ட் வந்ததும் எல்லாரையும் இறக்கி விட்டுட்டாங்க, மாற்று பஸ் வரும்னாங்க. எங்க வரும், எப்ப வரும்னு ஒரு போர்டு கிடையாது, அறிவிப்பு கிடையாது. நாப்பது நிமிஷத்துக்கு மேல வெயில்ல நின்னோம், வந்த பஸ் ஏற்கனவே பாதி நிறைஞ்சிருந்துச்சு. தள்ளுவண்டி பிடிச்சு நடக்கிற ஒரு பாட்டிகிட்ட டிரைவர் "அடுத்த பஸ்ல வாங்க"ன்னு சொல்லிட்டு கதவ மூடப் பார்த்தார் பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. பின்னாடி நின்ன ரெண்டு காலேஜ் பசங்களும் நானும் சேர்ந்து வண்டியையும் பாட்டியையும் ஏத்தி விட்டோம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கின மனுஷங்கள இப்படியா நடத்துவாங்க?

டிக்கெட்னு சொன்னதும் பட்ஜெட்டயும் பேசிடலாம். டாய்ச்லாண்ட் டிக்கெட்னு மாசாந்திர பாஸ் ஒன்னு இருக்கு, 2023 மே மாசம் 49 யூரோவுக்கு ஆரம்பிச்சாங்க, 2025ல 58 ஆச்சு, 2026 ஜனவரில இருந்து 63. ஏறிக்கிட்டேதான் போகுது. ஆனாலும் ஜெர்மனி முழுக்க லோக்கல் ரயில், டிராம், பஸ் எல்லாத்துக்கும் அது ஒன்னே போதும், ஐசிஇ மாதிரி வேக ரயில்ல மட்டும் செல்லாது. டூரிஸ்டா போறவங்க கவனிங்க, இது மாசாமாசம் தானா புதுப்பிக்கிற சந்தா, வேண்டாம்னா அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள கேன்சல் பண்ணனும், இல்லன்னா அடுத்த மாசக் காசும் போயிடும்.

சரி, ஏன் பேப்ரா? ஹெஸ்ஸன் மாநிலத்துல ஃபுல்டா ஆத்தோரம் இருக்கிற சின்ன ஊர், பேர் பெத்த கோட்டை கிடையாது, எந்த டாப் டென் லிஸ்ட்லயும் வராது. எனக்கு அந்த லிஸ்ட்டுகள் மேலதான் வருத்தம். ஜெர்மனியோட கடந்த 150 வருஷத்த ஒரே பிளாட்ஃபாரத்துல நின்னு புரிஞ்சுக்கணும்னா இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியல.

ஸ்டேஷன் கட்டடமே தண்டவாளங்களுக்கு நடுவுல இருக்கு, ரெண்டு பக்கமும் ரயில் ஓடுது, ஊர் அந்தப் பக்கம். ரயில் மாறுறவங்களுக்கு இது ரொம்ப வசதி, அதனாலயே முக்காவாசிப் பேர் ஊர் மண்ண மிதிக்காமலே கிளம்பிடறாங்க. 1848ல, ஜெர்மனி தனித்தனி நாடுகளா இருந்த காலத்துல, இந்தப் பகுதிய ஆண்ட குர்ஹெஸ்ஸன் நாட்டுல ஒரு தனியார் ரயில் கம்பெனி வடக்கே காஸல் நகரத்துப் பக்கத்துல இருந்து இங்க ரயில் பாதை கொண்டு வந்துச்சு, அடுத்த வருஷமே அத கிழக்கால கெர்ஸ்டுங்கென் வரைக்கும் நீட்டி துரிங்கியா ரயில்வேயோட சேர்த்தாங்க. அப்புறம் 1866 போர்ல பிரஷ்யாங்கிற பெரிய ஜெர்மன் அரசு ஜெயிச்சு குர்ஹெஸ்ஸனையே விழுங்கிடுச்சு, பாதி கட்டி நின்ன, ஃபுல்டா வழியா ஃப்ராங்க்ஃபர்ட் பக்கத்து ஹனாவுக்குப் போற பாதைய பிரஷ்யாக்காரங்க 1868ல முடிச்சாங்க. 1870கள் நடுவுல வடக்கே கோட்டிங்கென் பக்கம் போற பாதையும் சேர்ந்துடுச்சு. அவ்வளவுதான், நாலு திசையும் ஒரு கிராமத்துல வந்து முட்டுது. ஃப்ராங்க்ஃபர்ட்ல இன்னைக்கு சூட்பான்ஹோஃப்னு சொல்ற பெரிய ஸ்டேஷனுக்கு ஆரம்பத்துல பேரே பேப்ரா ஸ்டேஷன்தான், அந்த அளவுக்கு இந்த ஊர் பேர் ரயில் உலகத்துல அடிபட்டிருக்கு. ஆனா நகரம்னு அந்தஸ்து கொடுத்தது 1935லதான்!

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒன்னு இருக்கு. ஃப்ராங்க்ஃபர்ட் பாதையும், கிழக்கால ஐசனாக் ஊர் வழியா பெர்லின் பக்கம் போற பாதையும் ஸ்டேஷனோட ஒரே முனைல, தெற்கு முனைலதான் வந்து சேருது. அதனால ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து பெர்லின் போற ரயில் உள்ள வந்து நின்னு, என்ஜின கழட்டி மறுமுனைல பூட்டி, வந்த பக்கமே திரும்பப் போகணும். நீராவி என்ஜின் காலத்துல அதுக்கு எவ்வளவு ஆள், எவ்வளவு தண்ணி, எவ்வளவு கரி வேணும்னு யோசிங்க, ஊரே அந்த வேலைல வளர்ந்ததுதான். 1914ல ஸ்டேஷனுக்குத் தெக்கால பெர்லின் வளைவுன்னு ஒரு சுத்துப்பாதை போட்டு, நிக்காமலே போற மாதிரி பண்ணிட்டாங்க. இன்னைக்கும் ஃப்ராங்க்ஃபர்ட்-எர்ஃபுர்ட் ஐசிஇ அந்த வளைவுலதான் ஊர ஒதுக்கிட்டுப் பறக்குது.

இந்த ஊர் வரலாறுல கறுப்புப் பக்கமும் இருக்கு, அத விட்டுட்டு எழுத எனக்கு மனசு வரல. 1938 நவம்பர் 9 ராத்திரி ஜெர்மனி முழுக்க நாஜிக்காரங்க யூதர் கோயில்களத் தாக்கினாங்கன்னு படிச்சிருப்போம். பேப்ராவுல அது நவம்பர் 7லயே நடந்துடுச்சு, ரெண்டு நாள் முன்னாடியே.

1945க்கு அப்புறம் நாடு ரெண்டாப் பிளந்தப்போ எல்லைக்கோடு பேப்ராவுக்குக் கொஞ்சம் கிழக்கால விழுந்துச்சு. இந்தப் பக்கம் பேப்ரா, அந்தப் பக்கம் கெர்ஸ்டுங்கென், ரெண்டும் எல்லை ஸ்டேஷன். கிழக்குல இருந்து வந்த ரயில் மேற்குல நிக்கிற முதல் பெரிய ஊர் இதுதான். எழுபதுகளோட ஆரம்பம் வரைக்கும் கிழக்கு ஜெர்மனியோட நீராவி என்ஜினுங்க இங்க வரைக்கும் வந்து போயிருக்கு. இன்னொரு பக்கம் வடக்கு-தெற்கு போற ரயில்ல நிறைய இந்த வழியாத்தான், ராப்பகலா ரயில். 1989 நவம்பர்ல பெர்லின் சுவர் திறந்ததும் கிழக்குல இருந்து ஜனங்க ரயில் ரயிலா வந்து இங்க இறங்கினாங்க, மேற்கு அரசாங்கம் வரவேற்புப் பணமா ஆளுக்கு 100 மார்க் கொடுத்துட்டு இருந்த நேரம் அது. ரெண்டே வருஷத்துல, 1991ல, ஹனோவர்-வுர்ட்ஸ்பர்க் அதிவேகப் பாதை காஸல் வழியா முழுசாத் திறந்துடுச்சு, பெரிய ரயிலெல்லாம் அந்தப் பக்கம் போயிடுச்சு. எல்லை போனதுல ஊருக்கு சந்தோஷம், கூடவே வேலையும் போச்சுன்னா அந்த ஜனங்க என்ன பண்ணுவாங்க, இத நினைச்சா எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு.

சரக்கு ரயில் மட்டும் இன்னும் ஓயல. பிளாட்ஃபாரம் கடைசில ஒரு பெஞ்சுல உக்காந்து பார்த்தேன், புது கார் ஏத்தினது ஒன்னு, கன்டெய்னர் ஒன்னு, டேங்கர் ஒன்னுன்னு வந்துட்டே இருக்கு. ரயில் பைத்தியங்களுக்கு இது சொர்க்கம். பழைய தண்ணி டவர் ரயில்வே மியூசியமா இருக்கு (தினமும் திறக்காது, போறதுக்கு முன்னாடி பார்த்துக்கோங்க), என்ஜின் ஷெட்ட கச்சேரி, விழா நடத்துற ஹாலா மாத்தி வச்சிருக்காங்க. இடிச்சுத் தள்ளாம வச்சாங்களே, அதுவே பெரிய விஷயம்.

சாப்பாடு! ஸ்டேஷன்ல எதுவும் வாங்காதீங்க, ஊருக்குள்ள போங்க. ஒரு கறிக்கடைல மதியம் நின்னுக்கிட்டே சாப்பிட உயரமான மேஜை போட்டிருந்தாங்க. கவுன்டர்ல இருந்த அம்மா ஆலெ வூர்ஸ்ட்னு வடக்கு ஹெஸ்ஸனோட பன்றிக்கறி சாசேஜ மெல்லிசா சீவி, ரைங்கிற தானியத்துல செஞ்ச கருத்த ரொட்டி, கடுகு, ஊறின வெள்ளரிக்காயோட வச்சாங்க. வெட்டின கறிய சூடு ஆறுறதுக்குள்ள அரைச்சு, உப்பு மிளகு போட்டு மாசக்கணக்குல காய விடுவாங்களாம். வெளிய கெட்டியா, உள்ள வெண்ணெய் மாதிரி, மிளகு வாசனை மூக்குல ஏறுது. காபியோட சேர்த்து எட்டு யூரோகூட ஆகல, ஃப்ராங்க்ஃபர்ட்ல அந்தக் காசுக்கு ஒரு காய்ஞ்ச சாண்ட்விச்தான். சைவம்னா பச்சை சாஸ் கேளுங்க, ஏழு வகைக் கீரை தயிரோட கலந்து அவிச்ச உருளைக்கிழங்கு, முட்டையோட வரும், முட்டை வேண்டாம்னா முன்னாடியே சொல்லிடுங்க.

எப்படிப் போறதுன்னு வரிசையா எழுதறேன்னுதான் உக்காந்தேன், சாசேஜ்ல போயிடுச்சு. ஃப்ராங்க்ஃபர்ட்ல இருந்து ஃபுல்டா, அங்க மாறி பேப்ரா, ரெண்டுமே பாஸ்ல அடங்கும். ஞாயித்துக்கிழமை போகாதீங்க, கடையெல்லாம் மூடிக்கிடக்கும். காலைல கிளம்பறப்பவே ரயில் ஆப்ல டிராக் வேலை இருக்கான்னு பாருங்க. தண்ணி பாட்டில தூக்கிப் போடாதீங்க, சூப்பர்மார்க்கெட் மெஷின்ல போட்டா வாங்கும்போது கட்டின 25 சென்ட் டெபாசிட் திரும்பக் கிடைக்கும். நேரம் இருந்தா அதே பாஸ்ல ஐசனாக் ரயில் ஏறுங்க, ஹோனபாக் சுரங்கத்துல நுழைஞ்சு, பழைய எல்லைய யாரும் பாஸ்போர்ட் கேக்காம கடந்து கெர்ஸ்டுங்கென் வழியா போகலாம். அங்க மலை மேல வார்ட்பர்க் கோட்டை இருக்கு, அதுக்குத் தனியா ஒரு முழு நாள் வைங்க.