ஊர்ப் பெயரை எடுத்துவிட்டார்கள்

செப்டம்பர் 10, 2024, செவ்வாய்

இன்று மாலை ஃபிலடெல்ஃபியாவில் கமலா ஹாரிஸ், டிரம்ப் விவாதம். வீட்டில் எல்லோரும் டிவி முன்னால்தான். மன்னார்குடியிலிருந்து அக்கா வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருந்தாள்: "நம்ம துளசேந்திரபுரத்துப் பேத்தி எப்படிப் பேசுறா?" நன்றாகத்தான் பேசினார். ஆனால் என் மனசு அதில் முழுதாக நிற்கவில்லை.

கமலா பிறந்தது ஓக்லாந்தில். விவாதம் நடந்த ஃபிலடெல்ஃபியா, எங்கள் ஏஸ் (முழுப் பெயர் அத்லெடிக்ஸ்) பேஸ்பால் அணி 1901இல் பிறந்த ஊர். அங்கிருந்து கன்சாஸ் சிட்டி போய், 1968இல் ஓக்லாந்துக்கு வந்த அணி அது. இன்னும் பதினாறு நாளில் ஓக்லாந்தையும் விட்டுப் போகிறது. விலைவாசி, குடியேற்றம், கருக்கலைப்பு என்று எல்லாம் பேசினார்கள். அணியின் கோடீஸ்வர உரிமையாளர் லாஸ் வேகாஸில் ஸ்டேடியம் கட்ட, நெவாடா மாநிலம் மக்கள் பணத்தில் 38 கோடி டாலர் வரை தருகிறதே, அது சரியா என்று யாரும் கேட்கவில்லை. அதிபர் தேர்தலில் நெவாடாவின் ஆறு தேர்வாளர் வாக்குகள் இரண்டு பேருக்கும் வேண்டும். யார் கேட்பார்கள்?

செப்டம்பர் 20, வெள்ளி

நியூயார்க் யாங்கீஸ் அணி வந்திருக்கிறது. மகளும் நானும் வேலை முடிந்து நேராக ஏஸ் ஆடும் கொலிசியம் ஸ்டேடியத்துக்குப் போனோம். பார்ட் ரயிலை விட்டு இறங்கி அந்த நீளமான நடைபாலத்தில் கால் வைத்ததுமே வெங்காயம் வதக்கும் வாசனை. தள்ளுவண்டிக்காரர்கள் சாசேஜைத் தோசைக்கல் மாதிரி ஒரு தகட்டில் புரட்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாலத்தை எத்தனை தடவை கடந்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

1998இல் சான் லியாண்ட்ரோவுக்கு வந்தபோது எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் மட்டும்தான். இந்த விளையாட்டை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து இருக்கைப் பெரியவர். ஓக்லாந்து துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், 1968லிருந்து வருகிறவர். ஸ்கோர் எழுத அவர்தான் கற்றுக்கொடுத்தார். பென்சிலால்தான் எழுத வேண்டும். ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் ஒரு சின்னக் கட்டம். மட்டையை வீசிப் பந்தை அடிக்கப் பார்த்துத் தவறவிட்டு அவுட் ஆனால் கே. மட்டையை அசைக்காமல் நின்று அவுட் ஆனால் அதே கே, கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் போட வேண்டும். மைதானத்தில் நிற்கும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண். 6-4-3 என்று எழுதியிருந்தால் ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவில் நிற்பவர், பந்தை எடுத்து இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட் என்று அர்த்தம். பத்து வருடம் கழித்துத் தாளை எடுத்துப் பார்த்தாலும் ஆட்டம் முழுசாகக் கண் முன்னால் ஓடும். என் மகள் கூட்டல் கற்றதே இந்தத் தாள்களில்தான்.

2002 செப்டம்பர் 4 தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. தொடர்ந்து இருபதாவது வெற்றி. 11-0 என்று முன்னால் போய், 11-11க்கு வந்து, ஒன்பதாவது இன்னிங்ஸில் ஹாட்டெபெர்க் அடித்த ஹோம் ரன்னில் 12-11. ஐம்பத்தைந்தாயிரம் பேர் அன்றைக்கு. காங்கிரீட் காலுக்குக் கீழே ஆடியது.

"கூட்டம் வரவில்லை, அதனால்தான் போகிறோம்" என்று இப்போது சொல்கிறார்கள். எனக்குப் பொறுக்காத பேச்சு இதுதான். 2022 சீசன் தொடங்கும் முன்பே ஓல்சன், சாப்மன், பாசிட், மனாயா நாலு பேரையும் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். சீசன் டிக்கெட் விலையை மட்டும் ஏற்றினார்கள். ஸ்டேடியத்தில் சாக்கடை பொங்கியது, வர்ணனையாளர் அறையில் ஒபாசம் என்கிற பெருச்சாளி மாதிரிப் பிராணி குடியிருந்தது. கடையைக் காலியாக வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று சொன்னால் அது யார் தப்பு?

கூட்டம் வரும். 2023 ஜூன் 13, செவ்வாய்க்கிழமை ராத்திரி. அந்த சீசனில் பெரும்பாலும் தோற்றிருந்த அணிக்காக, உரிமையாளர் ஜான் ஃபிஷர் அணியை விற்றுவிட வேண்டும் என்று சொல்வதற்காக, 27,759 பேர் வந்தோம். பச்சைச் சட்டையில் 'செல்' (விற்றுவிடு) என்ற ஒரே ஆங்கிலச் சொல். அந்தச் சட்டையைத்தான் மகள் இன்றைக்கும் போட்டிருந்தாள். ஒரு ராத்திரிக்குச் சராசரிக் கூட்டம் வந்தது நல்ல விஷயம் என்கிற மாதிரி அப்போது லீக் கமிஷனர் பேசியது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

செப்டம்பர் 26, வியாழன்

பகல் ஆட்டம். லீவு போட்டேன். மகள் கல்லூரிக்குப் போகவில்லை, நானும் கேட்கவில்லை.

பெரியவர் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். மடியில் 1972, 73, 74, 89 என்று உலகத் தொடர் வென்ற நாலு வருடமும் தைத்த பழைய தொப்பி. பேச்சில்லை. கையை மட்டும் நீட்டினார், பிடித்துக்கொண்டேன்.

தேசிய கீதத்தைப் பாடியது பழைய பிட்சர் (பந்து வீசுபவர்) பேரி ஜீட்டோ. முதல் பந்தை எறிய ஏஸின் பழைய நட்சத்திரங்கள் ரிக்கி ஹெண்டர்சனும் டேவ் ஸ்டூவர்ட்டும் வந்தார்கள். இரண்டு பேரும் இந்த ஊர் மண்ணில் வளர்ந்தவர்கள். தாளின் மேல் மூலையில் அதைத்தான் முதலில் எழுதினேன்: முதல் பந்து ரிக்கி, ஸ்டூவர்ட்.

46,889 பேர். மேல் அடுக்கு வரை பச்சையும் மஞ்சளும். வெளிமைதானப் பக்கத்து மேளக்காரர்கள் ஒரு இன்னிங்ஸ்கூட ஓயவில்லை. ஊர்த் திருவிழாவில் தவிலுக்கு நெஞ்சு அதிருமே, அதே அதிர்வு. எங்கள் பிட்சர்கள் நன்றாகப் பந்து வீசினார்கள். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 2, நாங்கள் 3. கடைசியில் பந்து வீச மேசன் மில்லர் வந்தபோது ஒருவர்கூட உட்கார்ந்திருக்கவில்லை. கடைசி அவுட்டைக் கட்டத்தில் எழுதப் போனேன், பென்சில் முனை உடைந்துவிட்டது. மகள் தன் பேனாவைக் கொடுத்தாள். அந்தத் தாளில் அது ஒன்றுதான் மையில் இருக்கிறது.

அப்புறம் மேனேஜர் மார்க் கோட்சே மைக்கை வாங்கி நன்றி சொன்னார். கடைசியாக ஒரு தடவை 'லெட்ஸ் கோ ஓக்லாந்து' சொல்லுவோம் என்றார். சொன்னோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரும் கிளம்பவில்லை. மைதானப் பணியாளர்கள் குவளைகளில் மண்ணை அள்ளி வேலியோரம் நின்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் முண்டியடித்து ஒன்று வாங்கிவந்தாள். செம்மண்தான், எங்கள் ஊர்ப் பக்கத்து மண்ணைவிடக் கொஞ்சம் வெளிறியது. பெரியவரிடம் நீட்டினாள். ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "மீதி உனக்கு மா" என்கிற மாதிரி அவள் கையை மூடினார்.

செப்டம்பர் 27, வெள்ளி

தூக்கம் வரவில்லை. அடுத்த வருடத்திலிருந்து அணி சாக்ரமெண்டோவில் ஆடும். சுமார் 14,000 பேர் கொள்ளும் சிறிய லீக் மைதானம் அது. லாஸ் வேகாஸ் ஸ்டேடியம் தயாராகும் வரை அங்கேதான். அதுவரை அணிக்கு எந்த ஊர்ப் பெயரும் இருக்காதாம். வெறும் அத்லெடிக்ஸ்.

ஒரு ஆளைப் பார்த்தால் நாம் முதலில் கேட்பது "எந்த ஊரு?" என்பதுதான். பேருக்கு முன்னால் ஊரைப் போட்டுக்கொள்கிற பழக்கத்தில் வளர்ந்தவன் நான். ஊர் இல்லாத அணிக்கு எப்படிக் கை தட்டுவது?

பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் அல்ல என்று 1922இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பால், ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் இவர்களைத் தொடுவதில்லை. முப்பது உரிமையாளர்கள் கூடிப் போன நவம்பரில் ஒரு எதிர்ப்பு வாக்குகூட இல்லாமல் அணியை எடுத்துப் போகச் சொன்னார்கள். அமெரிக்க நாடாளுமன்றத்தில் எங்கள் உறுப்பினராக இருந்த பார்பரா லீ, ஊரை விட்டுப் போகும் அணி அந்த ஊருக்கு இழப்பீடு தர வேண்டும், இல்லையென்றால் அந்தச் சலுகையை இழக்க வேண்டும் என்று 2023இல் மசோதா கொண்டுவந்தார். அது நகரவே இல்லை. கூடைப்பந்து அணி வாரியர்ஸ் 2019இல் பாலம் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோ போனார்கள், அமெரிக்கக் கால்பந்து அணி ரெய்டர்ஸ் 2020இல் வேகாஸ். ஐந்து வருடத்தில் மூன்று அணி. இது ஓக்லாந்தின் குற்றம் என்று பேசுகிறவர்களோடு நான் வாதாடாமல் விடமாட்டேன்.

அக்டோபர் 9, புதன்

வேகாஸில் ட்ராபிகானா ஹோட்டலை அதிகாலையில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். வாணவேடிக்கையோடு. புது ஸ்டேடியம் அந்த இடத்தில்தான். வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 6, புதன்

கமலா தோற்றுவிட்டார். நெவாடாவும் டிரம்புக்குப் போகும் போலிருக்கிறது. அக்காவிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை.

ஓக்லாந்து மேயர் ஷெங் தாவோவையும் மக்கள் வாக்களித்துப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள் என்றே எண்ணிக்கை சொல்கிறது. நகர நிதி கிடுகிடுவென்று இறங்கிக் கிடக்கிறது. பட்ஜெட் ஓட்டையை அடைக்க கொலிசியத்தில் தன் பங்கை விற்கிற நிலை. என் தெருவில் எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள். கோபம் நியாயம்தான். ஆனால் ஊரில் எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு இடம் இருந்தது. வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோக்காரர், வியட்நாமியர், நாங்கள் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒரே அம்பயரைத் திட்டினோம். அது இல்லாத ஊரில் தேர்தல் நடந்திருக்கிறது.

மகள் ஒரு நல்ல சேதி சொன்னாள். பாலர்ஸ் என்று இந்த வருடம் தொடங்கிய சின்ன லீக் அணி, மேற்கு ஓக்லாந்தில் ரைமண்டி பூங்காவில் ஆடுகிறது. பெயரில் ஓக்லாந்து இருக்கிறது. கோடையில் போகலாம் என்றாள். சரி என்றேன்.

டிசம்பர் 21, சனி

ரிக்கி ஹெண்டர்சன் நேற்று காலமாகிவிட்டார். அறுபத்தைந்து வயது. கிறிஸ்துமஸ் அன்று அறுபத்தாறு ஆகியிருக்கும்.

1,406 பேஸ் திருடியவர், அதாவது பிட்சர் அசந்த நேரத்தில் அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடித்தவர். யாரும் பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் எனக்கு எண்ணைவிட அந்த விரல்கள்தான் ஞாபகம். முதல் பேஸில் குனிந்து நிற்பார், இரண்டு கையும் தொங்கும், விரல்கள் மட்டும் துடித்துக்கொண்டே இருக்கும். பழைய வீடியோவில் பாருங்கள், பிட்சர் பாவம் பந்தையே மறந்துவிடுவார்.

அலமாரியிலிருந்து செப்டம்பர் தாளை எடுத்தேன். மேல் மூலையில் அவர் பெயர். மூன்று மாதம்கூட ஆகவில்லை.

பெரியவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. காலையில் மறுபடி கூப்பிட வேண்டும்.