7, 77, 777: வாய்ப்பாடு எழுதிய நான்கு நாட்கள்

கணினி நிரல் எழுதப் பழகலாம் என்று உட்கார்ந்தபோது, முதல் வேலையாக வாய்ப்பாடு காட்டும் ஒரு சின்ன நிரலை எடுத்துக்கொண்டேன். ஒரு எண்ணை வாங்க வேண்டும், அது உள்ளீடு. பத்து வரை பெருக்க வேண்டும், அதற்கு ஒரு லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் சுற்று. விடையைத் திரையில் காட்ட வேண்டும், அது வெளியீடு. ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு நாள் ஆனது.

எடுத்துக்கொண்ட மொழி பைத்தான். பழைய பாடம் ஒன்றைப் பார்த்து அப்படியே தட்டினேன். ஓடவிட்டதும், விடையைத் திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் வரியில் பிழை. பழைய பதிப்பான பைத்தான் 2இல் பிரின்ட்டுக்கு அடைப்புக்குறி தேவையில்லை. 2008இல் வந்த பைத்தான் 3இல் கட்டாயம். சரி, அடைப்புக்குறி போட்டேன். நிரல் ஓடியது. எண் கேட்டது. 7 என்று தட்டி எண்டர் அழுத்தினேன்.

7
77
777
7777

இப்படியே ஒன்பது வரி. 14ஐயும் 21ஐயும் காணோம். பிழைச் செய்தியும் இல்லை. தான் செய்தது சரிதான் என்பது போலக் கர்சர் அமைதியாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

லூப்பில்தான் கோளாறு என்று முடிவு கட்டி இரண்டு நாள் அதையே நோண்டினேன். கோளாறு உள்ளீட்டில் இருந்தது. பைத்தான் 3இல் உள்ளீட்டை வாங்கும் இன்புட், எதை வாங்கினாலும் எழுத்துச் சரமாகவே, அதாவது ஸ்ட்ரிங்காகவே, கொண்டுவந்து தரும். நான் தட்டியது எனக்கு எண். அதற்கோ 7 என்ற வடிவம் மட்டும்தான். ஸ்ட்ரிங்கை மூன்றால் பெருக்கு என்றால் பைத்தான் அதை மூன்று முறை ஒட்டி எழுதும். இப்படி வாங்கிய 5ஐயும் 7ஐயும் கூட்டினால் 12 வராது, 57 வரும். பழைய பைத்தான் 2இல் இன்புட் அப்படி இல்லை. தட்டியதைக் கணக்கிட்டு எண்ணாகவே தந்துவிடும். பாடம் எழுதியவர் தவறு செய்யவில்லை, காலம்தான் மாறிவிட்டது. பிரின்ட் மாறியதைச் சத்தம் போட்டுச் சொன்ன பைத்தான், இன்புட் மாறியதைச் சொல்லவே இல்லை. நிரலில் கத்துகிற பிழையைவிட இப்படி வாய்மூடி இருக்கிற பிழைதான் ஆளைக் கொல்கிறது. இன்புட்டைச் சுற்றி, ஸ்ட்ரிங்கை முழு எண்ணாக மாற்றும் இன்ட் என்று போட்டதும் 7, 14, 21 வந்தது.

ஆனால் 63உடன் நின்றுவிட்டது. எதிலிருந்து எதுவரை சுற்ற வேண்டும் என்று லூப்புக்குச் சொல்லும் ரேஞ்ச் என்பதற்குள் 1, 10 என்று கொடுத்திருந்தேன். அது 10ஐத் தொடாது, அதற்கு முன்பே நின்றுவிடும். பத்து வரை வேண்டுமென்றால் 11 என்று எழுத வேண்டும். இது என்ன கூத்து என்றுதான் தோன்றியது. இப்படித் தொடக்கத்தைச் சேர்த்து முடிவை விட்டு எண்ணுவதே நல்லது என்று கணினி அறிவியலாளர் டைக்ஸ்ட்ரா 1982இலேயே ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். முடிவிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் எத்தனை சுற்று என்பது கிடைத்துவிடுகிறது: 11இல் 1 போனால் 10. பழகிய பிறகு நானும் அவர் கட்சிதான்.

அடுத்து சராசரி. மூன்று எண்களை வாங்கி, கூட்டி, மூன்றால் வகுக்க வேண்டும். 4, 9, 5 கொடுத்தேன். மொத்தம் 18, சராசரி 6 வர வேண்டும். திரையில் 1.6666666666666667. மறுபடியும் பிழைச் செய்தி கிடையாது.

இந்த முறை விசைப்பலகையைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன்: சுற்று, எண், மொத்தம். நானே கணினி என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்துகொண்டே போனேன். முதல் சுற்று: மொத்தத்தைப் பூஜ்யமாக்கு, 4ஐக் கூட்டு, மொத்தம் 4. இரண்டாவது சுற்று: மொத்தத்தைப் பூஜ்யமாக்கு... பென்சில் அங்கேயே நின்றது. ஒவ்வொரு சுற்றிலும் அதுவரை சேர்த்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சியது 5, அதை மூன்றால் வகுத்த விடைதான் திரையில் இருந்தது. மொத்தத்தைப் பூஜ்யமாக்கும் வரியை லூப்புக்கு மேலே நகர்த்தி, அதன் முன்னால் இருந்த நான்கு இடைவெளிகளையும் எடுத்தேன். 6.0 வந்தது. பைத்தானில் எந்த வரி லூப்புக்குள் இருக்கிறது, எது வெளியே என்பதைத் தீர்மானிப்பது இந்த இடைவெளிதான். கண்ணில் படாத ஒன்றுக்கு இத்தனை அதிகாரமா என்று இன்னமும் எனக்கு ஒரு முணுமுணுப்பு உண்டு.

ஒரு நிபந்தனை பொருந்தும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும் வைல் லூப்பில் கட்டிய கூத்து வேறு. பூஜ்யம் தட்டும் வரை எண்களை வாங்கிக் கூட்ட வேண்டும். லூப்புக்கு முன் ஒரு முறை எண் வாங்கினேன். உள்ளே அடுத்த எண்ணை வாங்க மறந்துவிட்டேன். 4 தட்டியதுதான் தாமதம், 4, 8, 12, 16 என்று திரை முழுக்க ஓட ஆரம்பித்தது. எண் மாறவே மாறாது, அப்புறம் எப்படிப் பூஜ்யம் ஆகும்? கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் நிற்கும் என்று தெரியாமல் நிரல் ஓடிய திரை ஜன்னலையே மூடினேன்.

நான்காம் நாள் மாலை, வாய்ப்பாட்டு நிரலைத் தங்கையிடம் காட்டினேன். ‘ஒரு எண் கொடு’ என்று திரையில் வந்தது. அவள் ‘ஏழு’ என்று எழுத்தில் தட்டினாள். வேல்யூ எரர், அதாவது கொடுத்த மதிப்பு சரியில்லை, என்று சிவப்பாகக் கொட்டியது.

“எண்ணைக் கேட்டால் எண்ணைத்தான் தட்ட வேண்டும்” என்றேன்.

“எண்தானே?” என்று, இந்த முறை வேண்டுமென்றே, தமிழ் இலக்கமான ௭ஐத் தட்டினாள். மறுபடி சிவப்புதான் என்று காத்திருந்தேன். 7, 14, 21 என்று 70 வரை ஒழுங்காக வந்தது. எல்லா மொழி எழுத்துகளையும் கணினிக்குக் குறித்துத் தரும் யூனிகோடில் இலக்கம் என்று குறிக்கப்பட்ட தமிழ் எண்களையும் இன்ட் ஏற்றுக்கொள்ளும் என்பது எனக்கே அன்றுதான் தெரியும்.