கொல்லையில் 15 நிமிடம்

வீட்டிலேயே படிக்கும் பிள்ளைக்குப் பறவை பார்க்கச் சொல்லித்தர, பைனாகுலர் முதல் நாளே வேண்டியதில்லை. ஒரு நோட்டு, பென்சில், கடிகாரம் போதும். காலை ஆறரையிலிருந்து ஏழரைக்குள், தினமும் ஒரே இடத்தில் 15 நிமிடம். வெயில் ஏறிவிட்டால் காக்கையும் புறாவும்தான் மிஞ்சும், பிள்ளைக்கும் அலுத்துவிடும்.

முதல் சறுக்கல் எண்ணுவதில். ஒரே மைனா நாலு தடவை வந்து போனால் நோட்டில் நாலு மைனா ஏறியிருக்கும். ஒரே சமயத்தில் கண்ணில் பட்ட அதிகபட்ச எண்ணிக்கையை மட்டும் எழுதச் சொல்லுங்கள். முதலில் 2, பிறகு 5, பிறகு 3 என்றால் எழுத வேண்டியது 5. தரையில் தத்தித் திரியும் தவிட்டுக்குருவிக் கூட்டம் எண்ண விடாது. ஒவ்வொன்றாக மதிலைத் தாண்டும்போது எண்ணிவிடலாம். ஒன்றுமே வராத நாளுக்கு 0 போடவில்லையென்றால் மாதக் கடைசியில் சராசரி தப்பாகும்.

பெயர் அப்புறம். சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காக்கை அளவா? அடுத்து அலகு, வால். நிறம் கடைசியில்தான், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். 'கறுப்புக் குருவி' என்று பிள்ளை எழுதினால் நல்ல பாடம் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் மீன்வாலாகப் பிளந்திருந்தால் கரிச்சான். கண் சிவந்து அலகு வெளிர்பச்சையாக இருந்தால் ஆண் குயில். இறக்கை மட்டும் செங்கல் நிறமென்றால் செம்போத்து. கழுத்தில் சாம்பல் பூசியிருந்தால் வீட்டுக்காக்கை. பெண் குயிலோ பழுப்பு, உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. அதை வேறு பறவையென்று எழுதாத பிள்ளை அபூர்வம். உடனே திருத்தாதீர்கள், ஜோடியாகப் பார்க்கும் நாள் வரட்டும்.

தானியம் போட்டால் புறாக்கள் வளைத்துக்கொள்ளும். தண்ணீர் வைத்தால் தேன்சிட்டுகூட இறங்கும். அகலமான மண்தட்டு, நாலு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் கூடாது, நடுவில் சொரசொரப்பான கல். தினமும் தேய்த்துக் கழுவாவிட்டால் ஒரு வாரத்தில் கொசு கிளம்பும். புதரை ஒட்டி வைத்தால் பூனை பதுங்க வசதி. ஆறடியாவது தள்ளி வையுங்கள்.

தையல்சிட்டு இலைகளைக் கோத்துக் கட்டிய கூடு தெரிந்தால் இலையை விலக்கக் கூடாது. காக்கைக்கு நாமே வழி காட்டியதாகிவிடும்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பின்போது இந்த 15 நிமிடப் பட்டியலை இ-பேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றலாம். பெயர் உறுதியாகாதவை மட்டும் கேள்விக்குறியோடு நோட்டிலேயே இருக்கட்டும்.