சிப்பித் தூள் செய்த உபகாரம்

நானே உருக்கிய முதல் கண்ணாடிக் கட்டியை மேசைமேல் வைத்துவிட்டு நாலு நாள் கழித்துப் பார்த்தேன். வாயில் போட்டுத் துப்பிய மிட்டாய் மாதிரி மேலெல்லாம் பிசுபிசு. சுடுதண்ணீரில் போட்டதும் விளிம்பு வழுவழுத்துக் கரைய ஆரம்பித்துவிட்டது. மூசையில் நான் போட்டது சுத்தமான குவார்ட்ஸ் மணலும் சலவை சோடாவும்தான். அப்பழுக்கில்லாத மணல் தேடி அலைந்ததே தப்பாகப் போயிற்று.

மணல் தனியே உருக 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். சோடா சேர்ந்தால் 1,100 சொச்சத்திலேயே இளகிவிடும். ஆனால் அந்தக் கண்ணாடி தண்ணீருக்குத் தாங்காது, சுண்ணாம்பும் வேண்டும். ரோமானியர் காலத்தில் சோடாவுக்கு எகிப்தின் வாடி நட்ரூன் ஏரிகளில் கிடைத்த நட்ரான் என்ற இயற்கை சோடா உப்பு. பேர்போன மணல், இன்றைய இஸ்ரேலின் ஆக்ரே நகருக்குப் பக்கத்தில் பெலுஸ் ஆறு கடலில் கலக்கும் இடத்து மணல். அதில் சிப்பித் தூள் தானாகவே கலந்திருந்தது. ரோமக் கண்ணாடியில் ஏழெட்டு சதவீதம் சுண்ணாம்பு வந்தது இப்படித்தான். அந்தக் கரையில் வியாபாரிகள் நட்ரான் கட்டிகளை அடுப்புக்கல்லாக வைத்துச் சமைத்தபோது கண்ணாடி வழிந்தோடியது என்று ரோம எழுத்தாளர் பிளினி கதை சொல்வார். சமையல் அடுப்புச் சூட்டுக்கு அது நடக்காது. ஆனால் மணல் விஷயத்தில் ஆள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கண்ணாடி காய்ச்சியவர்கள் வேறு, ஊதியவர்கள் வேறு. டன் கணக்கில் தொட்டி உலையில் காய்ச்சி, உடைத்து, கப்பலேற்றிவிடுவார்கள். கி.பி. 301-இல் ரோமப் பேரரசர் டயோக்லீஷியன் போட்ட விலைக்கட்டுப்பாட்டு ஆணையில் அலெக்சாண்டிரியக் கண்ணாடி பவுண்டுக்கு 24 டினாரி, யூதேயாவின் பச்சைக் கண்ணாடி 13 டினாரி. பச்சைக்குக் காரணம் மணலில் இருக்கும் இரும்பு. ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்த்தால் நிறம் வெளுக்கும்.

ரோமானியருக்கு வெகுகாலம் பின்னால், 9-ஆம் நூற்றாண்டுவாக்கில், இன்றைய இஸ்ரேலில் உள்ள பெத் ஷெஆரிமில் 9 டன் கண்ணாடிப் பாளம் ஒன்றை வார்த்தார்கள். நட்ரானுக்குப் பதில் செடிச் சாம்பல். சாம்பலிலும் சுண்ணாம்பு உண்டு, மணலில் சிப்பியும் இருந்திருக்கும்; இரண்டும் சேர்ந்து அளவு மிஞ்சிப்போனது. ஆறும்போது படிகம் படிந்து, ஒளி புகாமல் மங்கிவிட்டது. 3.4 மீட்டர் நீளம், யார் தூக்குவது? வார்த்த இடத்திலேயே இன்னும் கிடக்கிறது.

என் கட்டி 40 கிராம்தான், குப்பையில் போட்டாயிற்று. இந்தத் தடவை சிப்பி இடித்து வைத்திருக்கிறேன். உலையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான எடை கரியமில வாயுவாகப் போய்விடும். அதனால் 100 கிராம் கண்ணாடியில் 8 கிராம் சுண்ணாம்பு நிற்க, சிப்பித் தூள் 14 கிராம்.